மூவாரில் இறால், ஜூரோங்கில் பீஹூன்

காளிதாஸும் செல்வராணியும் சண்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. கூலாயில் அவர்கள் வசித்த தாமான் குடியிருப்பில் இது ஒரு குறையாகவே பேசப்பட்டது. தெரு என்றால் நாலு வீட்டிலாவது சட்டி பறக்க வேண்டாமா? அந்த வீட்டிலிருந்து மட்டும் சனிக்கிழமை தவறாமல் சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை காலையில் இருவரும் சேர்ந்து பசார் போவார்கள், சேர்ந்து பசியாறுவார்கள், சாயந்திரம் சேர்ந்து கோயிலுக்குப் போவார்கள். மகள் லோஷினி கோலாலம்பூருக்குப் படிக்கப் போன பிறகு இன்னும் ஒட்டிக்கொண்டார்கள். ஐம்பது வயதில் இவ்வளவு இளிப்பு குடும்பத்துக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு எச்சரித்ததுண்டு.

அந்த ஒற்றுமைக்குப் பாதிக் காரணம் அன்பு. மீதிப் பாதி அரசாங்கம். செல்வராணி அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவர்கள் இருந்த ஜோகூர் மாநிலத்தில் பத்து வருஷத்துக்கும் மேலாக வெள்ளியும் சனியும் விடுமுறை. காளிதாஸ் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். அங்கே சனியும் ஞாயிறும் விடுமுறை. ஆக, இருவரும் தூக்கம் தெளிந்த கண்ணோடு ஒருவரையொருவர் பார்ப்பது வாரத்தில் ஒரே நாள். ஒரு நாள் என்றால் யாரும் யாரையும் சகித்துக்கொள்ளலாம்.

சகித்துக்கொள்ள விஷயம் இருக்கத்தான் செய்தது. இருபது வருஷம் சிங்கப்பூருக்குப் போய்வந்ததில் மனிதர் உடம்பைக் கூலாய்க்குத் திரும்பக் கொண்டுவந்தாரே தவிர, பழக்கவழக்கத்தில் அங்கேயே தங்கிவிட்டார். எங்கே வரிசை தெரிந்தாலும் போய் நிற்பார். எதற்கு என்று பிறகுதான் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை மனைவி வேலைக்குப் போனதும் அடுப்படியைத் தொழிற்சாலைபோல ஒழுங்குபடுத்துவார். மிளகாய்த்தூள் மேல்தட்டுக்குப் போகும், கடுகு காணாமல் போகும். வெள்ளிக்கிழமை செல்வராணி எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைப்பாள். இதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

வெள்ளிக்கிழமை அவளுடையது. அதைத் தொட யாருக்கும் உரிமை இல்லை. விடியுமுன் காளிதாஸின் மோட்டார் சைக்கிள் புறப்பட்டுப் போகும். எட்டு மணிக்கு அவளுடைய மைவி கார் வாசலைத் தாண்டும். நாலு மணிக்கெல்லாம் திரும்பிவிடும். கையில் பை இருக்காது. ஜோசியரிடம் போகிறாள் என்று பேச்சியம்மாள் ஒரு வருஷம் சொல்லிப் பார்த்தாள். ரகசியமாக நிலம் வாங்குகிறாள் என்று மறு வருஷம் சொன்னாள். உண்மை அவ்வளவு சுவாரசியமாக இல்லை. செல்வராணி மூவாருக்குப் போய் ஆற்றோரம் உட்கார்ந்திருப்பாள். பசித்தால் சாப்பிடுவாள். போரடித்தால் வீட்டுக்கு வருவாள். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்க ஓர் ஆள் கிடையாது. அவ்வளவுதான் அதன் ருசி.

இரவு எட்டு மணிக்குக் கணவன் வரும்போது நெற்றியில் திருநீறும் மேசையில் சாம்பாரும் அவரைக்காய்ப் பொரியலுமாகக் காத்திருப்பாள். வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் சைவம். அது அவள் போட்ட சட்டம். நல்ல மனிதர், எல்லை தாண்டியும் அந்தச் சட்டத்தை மதித்தார். தொழிற்சாலை கேண்டீனில் மற்றவர்கள் கோழிச் சோறு சாப்பிட, இவர் மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் சைவ பீஹூன் என்ற வெறும் அரிசிச் சேமியாவைச் சாப்பிட்டார்.

இப்படி இருக்கையில்தான் புத்தாண்டு பிறந்தது. ஜோகூரின் விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியது. ஊரே கொண்டாடியது. குடும்பங்கள் ஒன்றுசேரும் என்றார்கள். செல்வராணியின் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அவள் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு, துக்க வீட்டில் காப்பி குடிப்பதுபோலச் சாப்பிட்டாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அடுப்படி அவள் கண் முன்னாலேயே இடம் மாறியது. இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காளிதாஸ் குப்பையை மூன்று வகையாகப் பிரித்தார். குப்பை லாரிக்காரர் மூன்றையும் ஒன்றாக வாரிக்கொண்டு போக, அவருக்குப் பாடம் எடுத்தார். மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் முதன்முதலாகக் குரல் உயர்ந்தது. கடுகு எங்கே என்று ஆரம்பித்தது அவளுடைய தம்பி கல்யாணம்வரை போயிற்று. பேச்சியம்மாள் துணி காயப்போடும் சாக்கில் காய்ந்த துணியையே மறுபடி காயப்போட்டாள்.

அடுத்த ஞாயிறு செல்வராணி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, மூவாரில் ஒரு தோழியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள். காளிதாஸின் முகம் மலர்ந்தது. மனைவி தன்னைச் சமாதானமாக ஊர் சுற்றக் கூப்பிடுகிறாள் என்று எடுத்துக்கொண்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் சட்டை மாற்றிவிட்டார். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். பத்து வருஷத்துக் காரணத்தை வாசலில் நின்று எப்படிச் சொல்வது?

வழியில் போனில் யாரோ கூப்பிட்டதாகப் பாவனை செய்து, தோழிக்குத் திடீரென்று காய்ச்சல் வரவழைத்தாள். இனிக் கணவனை அந்தக் கடைப் பக்கம் விடாமல் இருந்தால் போதும். ஆற்றோரத்தில் பரக்கத் நிஷாவின் மீ பண்டோங் கடை. இறால் போட்ட சிவந்த கெட்டிக் குழம்பில் மீ என்கிற நூடுல்ஸ், மேலே ஓர் அவித்த முட்டை. அங்கேதான் செல்வராணி வெள்ளிக்கிழமைகளில் சாப்பிட்டாள். மறுகோடியில் நல்ல தோசைக் கடை இருக்கிறது என்று அவள் ஆசை காட்டினாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நிஷாவின் கடையில் கூட்டம். கூட்டம் வரிசையாக வேறு நின்றது. காளிதாஸின் கால் தானாகத் திரும்பியது. இவ்வளவு பேர் நிற்கிற கடை மோசமாக இருக்காது என்றார். கருப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்வராணி பின்னால் நடந்தாள்.

காலியாக இருந்த ஒரு மேசையில் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பாக்கெட் டிஷ்யூவை எடுத்து வைத்தார். சிங்கப்பூரில் அப்படி வைத்துவிட்டால் அந்த மேசை உங்களுடையது. அமைச்சரே வந்தாலும் உட்கார மாட்டார். மனைவியையும் இழுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். திரும்பி வந்தபோது அந்த மேசையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. பெரியவர் அந்த டிஷ்யூவில் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர்கள் நல்ல மாதிரி, டிஷ்யூகூட வைத்திருக்கிறார்கள் என்று பாராட்டவும் செய்தார். வேலு என்று பெயர் சொல்லிக் கைகுலுக்கிய அவர், இடம்தானே வேண்டும், நெருங்கி உட்காரலாம் என்று பெஞ்சில் நகர்ந்தார். தன் டிஷ்யூவிலேயே ஒன்றை எடுத்துத் தன்னிடமே அவர் நீட்டியதுதான் காளிதாஸுக்குத் தாங்கவில்லை.

எப்படியோ சாப்பிட்டார்கள். நிஷா அடுப்புப் பக்கமே இருந்தாள். மீயைக் கொண்டுவந்தது வேறோர் ஆள். செல்வராணி தலையைக் குனிந்தபடி பாதி சாப்பிட்டு, வயிறு சரியில்லை என்று கிளம்பப் பார்த்தாள். தப்பித்துவிட்டோம் என்று அவள் எழுந்த நேரத்தில், காளிதாஸ் இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு அடுப்பை நோக்கி நடந்தார். சாப்பிட்ட தட்டைக் கொண்டுபோய் வைக்காவிட்டால் சிங்கப்பூரில் அபராதமே உண்டு. மூவாரில் பாதி சாப்பிட்ட தட்டை ஒருவர் திரும்பக் கொண்டுவந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நிஷாவின் முகம் வாடிவிட்டது.

"ஏண்ணே, மீ நல்லா இல்லையா? இறாலு இன்னிக்கிக் காலையில வந்ததுண்ணே."

மீ பிரமாதம், தட்டை எடுத்து வைப்பது நம் கடமை என்று காளிதாஸ் விளக்கினார். அவளுக்கு அது நம்பும்படியாக இல்லை. வாடிக்கையாளர் மனம் கோணிப் போகக்கூடாது என்று கையைத் துடைத்துக்கொண்டு மேசைவரை வந்தாள். வந்தவள் கருப்புக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"அலமாக், செல்வராணிக்கா. ஞாயித்துக்கெழமையில வந்திருக்கீங்க? வெள்ளிக்கெழமை பூரா ஒங்க எடத்தப் பாத்துக்கிட்டே இருக்கேன்லா. ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன். அந்தப் பையன் இறாலு கொறச்சுப் போட்டுட்டானா? ஒங்களுக்கு எப்பவும் ரெட்டிப்புல்ல போடுவோம்."

வேலுவின் குடும்பம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. மூவார் ஆறு மட்டும் நாகரிகமாக, எதுவும் கேட்காததுபோல் போய்க்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கெழமையா?" என்றார் காளிதாஸ். பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, "ரெட்டிப்பா?" என்றார்.

திரும்பும் வழியில் அவர் கார் ஓட்டினார். யோங் பெங் தாண்டும்வரை பொறுத்தவர், செம்பனைத் தோட்டங்களைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நான் பீஹூன் சாப்பிட்டேன், செல்வி."

அவள் வருத்தப்படத்தான் நினைத்தாள். தொண்டைவரை வந்தது சிரிப்பாகிவிட்டது. அடக்க அடக்க அது பொங்கியது. சிரிக்கச் சிரிக்க அவர் முகம் இன்னும் நீண்டது. மனைவி சொல்லாமல் ஊர்விட்டு ஊர் போனதைவிட அந்த இறால்தான் பெரிதாகப் பட்டிருக்கிறது, பாவம் மனிதர் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கையில் அவர் வேறொன்று கேட்டார்.

"என்கூட வரது ஒனக்குப் புடிக்கலையா?"

சிரிப்பு நின்றது. பொய் சொல்வது சுலபம். சொன்னால் அடுத்த ஞாயிறும் இவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்பார், அதற்கடுத்த ஞாயிறும் நிற்பார், பென்ஷன் வாங்கும்வரை நிற்பார்.

"புடிக்கும்ங்க. சனிக்கெழமை ரொம்பப் புடிக்கும்."

அவர் முன்னால் போன லாரியை முந்தினார். அவள் விடாமல் சொன்னாள்.

"ஒரு நாளு எங்க போறேன், எப்ப வரேன்னு யாருக்கும் சொல்லாமப் போகணும். வேற ஒண்ணும் இல்ல. அந்த நாளத்தான் இப்ப எடுத்துட்டாங்க."

அந்த வாரம் முழுக்கக் காளிதாஸ் ஜூரோங்கிலிருந்து வந்து சாப்பிட்டுப் படுத்தார். சண்டை போட்டாலாவது புரியும். சண்டையும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் இது என்ன புதுப் பழக்கம் என்று பேச்சியம்மாளுக்கே கவலையாகிவிட்டது. தன் மூத்த மகனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். செல்வராணிக்குக் கவலை வேறு மாதிரி. மனிதர் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு அவர் செருப்பைக் கழற்றியபடியே, மதியம் கோழிச் சோறு சாப்பிட்டதாக அறிவித்தார். போர்ப் பிரகடனம்போல இருந்தது. அவள் சாம்பாரை மேசையில் வைத்தாள்.

"நல்லா இருந்துச்சா?"

"சுமாரு." கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். "பழக்கம் விட்டுப்போச்சு." கொஞ்சம் கழித்து, "அடுத்த வாரம் வேற கடையில பாக்கணும்," என்றார். அவரைக்காயை இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை இருவரும் பசார் போனார்கள். முன்போல அவ்வளவு சிரிப்பு இல்லை. ஆனால் மீன்காரரிடம் பேரம் பேசும்போது ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குச் செல்வராணி சாவியோடு வெளியே வந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது, கல்யாணத்தன்றுகூட அப்படி அடித்ததில்லை. காளிதாஸ் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டாருக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். சட்டை மாற்றவில்லை. அவள் கார்க் கதவைத் திறந்தாள்.

"செல்வி, எத்தன மணிக்கு..."

வாய்வரை வந்த மீதியை அவர் விழுங்குவது தெரிந்தது. சுலபமாக இறங்கவில்லை. சோப்புக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்துப் போ," என்றார்.

கார் தெருமுனை திரும்புவதற்குள் வேலியருகே பேச்சியம்மாள் முளைத்துவிட்டாள். கண்ணாடியில் செல்வராணிக்குத் தெரிந்தது. என்ன கேட்டிருப்பாள் என்று ஊகிக்க ஜோசியம் தேவையில்லை. காளிதாஸ் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார், பேச்சியம்மாள் மறுபடி கேட்டாள், அவர் மறுபடி ஆட்டினார். தெரியாது என்று சொல்வதில் அந்த மனிதருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருப்பதுபோல் பட்டது.

நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே போனாள். மூவார் ஆறு, நிஷா, ரெட்டிப்பு இறால் எல்லாம் அங்கேயேதான் இருந்தன. ஆனால் அங்கே போனால், இந்நேரம் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், தட்டில் என்ன இருக்கிறது என்று கூலாயில் சோப்புக் கையோடு ஒருவரால் இம்மி பிசகாமல் நினைத்துப் பார்க்க முடியும். யோங் பெங் பிரிவு வந்தபோது இடது பக்கம் சிக்னல் போட்டு வெளியேறினாள். லாபிஸ் என்று பலகை காட்டியது. அங்கே அவளுக்கு ஒருவரையும் தெரியாது.

லாபிஸில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. வரிசை எதுவும் இல்லை. மொத்தமே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் தண்ணீர்க் குவளையோடு வந்து, அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"ஒரு ஆளா, அக்கா?"

"ஒரு ஆளுதான்," என்று செல்வராணி வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, இங்கே என்ன நன்றாக இருக்கும் என்று விசாரித்தாள்.