ஊழியர் என்றால் யார்?

1

இந்தக் கதை ஒரு சொல்லில் தடுக்கி விழுந்ததால் பிறந்தது. செயற்கை நுண்ணறிவால் வரும் ஆபத்தை நிறுவனத்துக்கு உள்ளிருந்து வெளியே சொல்பவர்களைக் காக்க, கற்பனையில் ஒரு சட்டம் இயற்றிக்கொண்டிருந்தேன். ‘இதற்காக எந்த ஊழியரையும் நீக்கக் கூடாது’ என்று எழுதியதும் கை நின்றது. ஊழியர் என்றால் யார்?

முதலில் எழுதிய தொடக்கம்: ‘சிறுவயதிலிருந்தே அவள் பொய் சொன்னதில்லை, எனவே…’

வேண்டாம். மாலை போட்டு உட்காரவைத்துவிட்டால் அவள் நகரவே மாட்டாள்.

2

அவள் சோதனையாளர். அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை ஆளுக்குப் பதிலாக ஒரு மென்பொருள் எடுத்துப் பேசப் போகிறது. நெஞ்சுவலிக்காரியாகவும் தீயில் மாட்டியவளாகவும் நடித்து அதனிடம் பேசுவது அவள் வேலை. ஒருமுறை பக்கவாதம் வந்தவரைப் போல வாய் குழறிப் பேசினாள். குடிபோதை என்று முடிவுகட்டி மென்பொருள் அழைப்பைத் துண்டித்தது. திரும்பத் திரும்பக் குழறினாள். ஒவ்வொரு முறையும் துண்டித்தது.

“வெளியிட்ட பிறகு பாத்துக்கலாம்மா” என்றார் மேலாளர்.

(இவரை வில்லனாக்கப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. அவருக்கு மேலேயும் ஒருவர் இருந்தார்.)

3

அவளுடைய அண்ணி அதே நிறுவனத்தில் மனிதவள அதிகாரி. வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அண்ணன் வீட்டுச் சமையலறையில் பேச்சு வந்தது.

“இந்த மாதிரி மென்பொருளை எல்லாம் கண்காணிக்கிற அரசு ஆணையத்துல சொல்லப்போறேன் அண்ணி. அதுக்குத்தான் சட்டம் இருக்கே.”

“அது ஊழியருக்கு. நீ ஏஜென்சி மூலமா வந்தவ. உன்னை யாரும் நீக்கவே வேணாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காம விட்டாலே முடிஞ்சுது.”

“நீங்க ஊழியர்தானே? நீங்க சொல்லுங்க.”

“நான் எதையும் என் காதால கேக்கலையே.”

“நாளைக்கு அண்ணனுக்கு வாய் குழறினா யாருக்கு போன் பண்ணுவீங்க?”

அண்ணி அடுப்பைத் தணித்தார்.

(அவருக்கு மூன்று பதில்கள் எழுதினேன். மூன்றும் மேடை வசனம். அடித்துவிட்டேன்.)

4

மறுநாள் அவள் ஆணையத்துக்குப் போய், தன் பெயரைச் சொல்லியே புகார் கொடுத்தாள். வெளியீடு நின்றது, மென்பொருளைத் திருத்தினார்கள். இதை எந்த வரைவிலும் மாற்றமாட்டேன். அவள் ஜெயித்துவிட்டாள்.

ஒப்பந்தம் முடிந்தது. அண்ணி சொன்னபடியே, புதுப்பிக்கவில்லை. அவள் விடவில்லை, புகார் கொடுத்ததற்குப் பழிவாங்குகிறார்கள் என்று வழக்குப் போட்டாள்.

5

விசாரணை அறை. வேலை குறைந்துவிட்டதால்தான் புதுப்பிக்கவில்லை என்கிறது நிறுவனம். அண்ணியைச் சாட்சியாக அழைத்திருக்கிறார்கள். புதுப்பிக்க வேண்டாம் என்ற உத்தரவு அவர் மேசைக்குத்தான் வந்தது. இந்த முறை காரணத்தை அவர் தன் காதாலேயே கேட்டிருக்கிறார்.

“ஏன் வேண்டாம்னு சொன்னாங்க?” என்று கேட்கிறார் விசாரணைத் தலைவர்.

‘ஞாபகமில்லை’ என்று அண்ணி சொல்லலாம். வேலை நிலைக்கும். ஆனால் நாத்தனார் அந்த வீட்டுப் படியேற மாட்டாள். உண்மையையும் சொல்லலாம். அவர் ஊழியர், அவரைக் காக்கச் சட்டம் இருக்கிறது. காகிதத்தில் இருக்கும் சட்டம் மறுநாள் காலை அலுவலகத்திலும் இருக்குமா என்பது, யாராவது ஒருவர் நம்பிப் பேசினால்தான்…

இரண்டையும் என்னால் நன்றாகவே எழுத முடியும். எழுதப்போவதில்லை. உங்களுக்கும் ஓர் அலுவலகம் இருக்கும், அங்கே உங்கள் காதில் விழுந்தது ஏதாவது இருக்கும். தலைவர் காத்திருக்கிறார். அண்ணிக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள்.