கிரானடாவில் பத்து மணி

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டிராவல்ஸின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஜன்னத் பீவி உள்ளே வந்தபோது, அங்கே வேலை பார்க்கும் பாசிலா அந்த அம்மாளுக்கான பயணத் திட்டத் தாளைத்தான் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். மகன் அசாருதீன், மருமகளோடு எட்டு நாள் ஸ்பெயின் பயணம். முதலாளி அருள்தாஸ் பெயர்ப் பட்டியலை நீட்டியபோதே அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒழுங்காகத்தான் எழுதிவந்தாள். செவில் கோபுரத்தில் படி கிடையாது, சரிவுப்பாதைதான், முட்டி வலிக்காது. டொலேடோவின் கல்தெரு வழுக்கும். கோர்டோபா பள்ளிவாசலில் தூண்களைப் பார்க்கலாம், இப்போது அது சர்ச், தொழ விடமாட்டார்கள். அவள் எழுதும் தமிழ்த் தாளை நம்பித்தான் எல்லோரும் போவார்கள். டிக்கெட்டை ஒருவரும் பிரித்துப் படிப்பதில்லை.

ஆறு வருடத்துக்கு முன் அசாருதீனுக்குப் பேசி முடித்த பெண் பாசிலாதான். வசதியான இடம் வந்ததும், சும்மா விலகினால் பேர் கெடுமென்று, பெண்ணுக்கு வலிப்பு இருக்கிறது என்று ஜன்னத் பீவி சொல்லிவிட்டாள். அவர்கள் ஊரான மணமேல்குடி முழுக்க அது பரவியது. பிறகு பாசிலாவைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

இப்போது அந்த அம்மாள் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து கரிசனமாய்க் கேட்டாள்.

"ஒடம்பு இப்ப எப்படிம்மா இருக்கு? வேலை பாக்க விடுதா?"

பாஸ்போர்ட்டோடு காத்திருந்த ஒருவர் நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொண்டார்.

"நல்லா இருக்கேன் மாமி."

மற்ற ஊரெல்லாம் பிள்ளைகள் பார்க்கட்டும், தனக்குக் கிரானடா அரண்மனை ஒன்று போதும் என்றாள் ஜன்னத் பீவி. ஹஜ்ஜுக்குப் பிறகு அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். சுவரெல்லாம் அல்லாஹ்வின் பேர் செதுக்கியிருக்கிறதாம். அந்த உள் அரண்மனைக்கு நேரம் குறித்த சீட்டு. காலை பத்து மணி. தவறினால் விடமாட்டார்கள். பாசிலா தாளில் மதியம் இரண்டரை என்று அடித்தாள். வேலை போகும் என்று தெரியும்.

மூன்று வாரம் கழித்து, சாயங்காலம் ஆறு மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. அருள்தாஸ் டீ குடிக்கப் போயிருந்தார். பாசிலா எடுத்தாள், கிரானடாவிலிருந்து ஜன்னத் பீவி.

"உள்ள விடமாட்டேங்கிறாங்கம்மா. பத்து மணிக்காமே? நாளைக்குக் காலையில பிளைட்டு. இனி நான் எப்ப வரப்போறேன்? யாருகிட்டயாச்சும் பேசும்மா."

"எனக்குத்தான் வலிப்பு வருமே மாமி," என்றாள் பாசிலா. "டைப் அடிக்கிறப்ப வந்துருச்சு போல."

மறுமுனையில் போனை வைக்கவில்லை. ஜன்னத் பீவியின் மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் யாரோ புரியாத பாஷையில் சிரித்தார்கள். அதற்கும் பின்னால், எங்கேயோ, அரண்மனை நீரூற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அரண்மனைக்கு எத்தனையோ தாள் எழுதியும் பாசிலா அந்தச் சத்தத்தைக் கேட்டதேயில்லை. ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.