சாமுவேலுக்கு மூன்று குண்டுகள்

எலிசபெத்தின் மகன் சாமுவேல் முதல் வருஷம் ஒரு குண்டில் இறந்தான். அடுத்த வருஷம் இன்னொரு குண்டு சேர்ந்தது. நான்காம் வருஷத்துக்குள் மூன்றாகிவிட்டது. மூன்றாவது குண்டு பாய்ந்த பிறகும் அவன் துப்பாக்கியைக் கீழே போடவில்லை. ஒவ்வொரு ஜனவரி இருபத்தாறாம் தேதியும் ஆஸ்டின் டவுன் பூங்காவில், ராணுவ வீரர்களுக்கு நட்ட நினைவுக் கல்லின் பக்கத்தில் நின்று மைக்கில் அவள் இதைச் சொல்வாள். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

நடந்தது வேறு. லடாக்கில் பனி மூடிய சாலையில் ராணுவ லாரி ஒன்று பள்ளத்தில் விழுந்தது. அதில் சாமுவேல் போய்விட்டான். துப்பாக்கிச் சண்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

பொய்யை ஆரம்பித்தது அவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சவப்பெட்டி வந்த அன்றே வட்டாரத் தலைவர் ஒருவர் தெருமுனையில் பேனர் கட்டிவிட்டார்: 'எதிரிகளோடு போரிட்டு வீரமரணம்.' அதை நம்பிப் பதினைந்து நாளில் கல்லிலும் பெயர் ஏறியது. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவள் பேனரைத் திருத்திக்கொண்டா இருப்பாள்? வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தபோது குண்டுகள்தான் வந்தன. இருபது வருஷம் ஆயாவாக வகுப்பறை பெருக்கிய அதே பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மேடையில் நாற்காலி போட்டு, 'வீரத்தாய்' என்று பொன்னாடை போர்த்தினார்கள். அந்த நாற்காலி அவளுக்குப் பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

கண்ணில் விழுந்த தூசு ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் சங்கமித்ரா. அந்த லாரியை ஓட்டிய அர்ஜுனனின் மனைவி. அவனும் அதே பள்ளத்தில்தான் செத்தான். இரண்டு குடும்பமும் முன்பு கோலார் தங்கவயலில் ஒரே வரிசை வீட்டுக்காரர்கள். பையன்கள் இருவரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். சங்கமித்ரா இப்போது பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் பெயரையும் கல்லில் வெட்ட வேண்டும் என்று ஒரு வருஷமாக நடையாய் நடக்கிறாள்.

கல்லைப் பராமரிப்பது முன்னாள் ராணுவத்தினர் சங்கம். அதன் தலைவர் டிரேவர், பழைய ஹவில்தார், சட்டம் என்றால் சட்டம். "சண்டையில செத்தவங்க பேர் மட்டும்தான்மா. பேப்பர் கொண்டா" என்றார். அவள் காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை. பாவம் பார்த்து இன்னொரு வழி சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே யூனிட். எலிசபெத்தம்மா ஒரு வார்த்தை சொன்னா போதும், நாளைக்கே பேரை வெட்டறேன்."

எலிசபெத்திடம் கேட்டார்கள். அவள் உதட்டைச் சுழித்தாள். "அவன் லாரி டிரைவர். அவனுக்கும் சண்டைக்கும் இன்னா சம்பந்தம்?" என்றாள். விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

இந்த ஜனவரி இருபத்தாறில் கொடி ஏற்ற இன்னும் அரை மணி நேரம் இருந்தது. சங்கமித்ரா மகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குள் வந்தாள். சின்னவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, தண்ணீர்க் குழாயருகே எலிசபெத்தை மறித்தாள்.

"ஆன்ட்டி, ஒரு நிமிஷம்."

"உங்கிட்ட பேச எனக்கு ஒண்ணியும் இல்ல."

"எனக்கு இருக்குது." கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். ராணுவத்திலிருந்து வந்தது. வாகன விபத்து என்று எழுதியிருந்தது. கீழே இரண்டு பெயர்கள்: அர்ஜுனன், சாமுவேல்.

"டிரேவர் சார் கேட்ட பேப்பர் இதான். குடுத்தா எங்க ஆளு பேரு கல்லுல ஏறாது. உங்க பையன் பேரும் நிக்காது. அதான் இத்தினி நாளு குடுக்கல."

"மெரட்டறியா?"

"கேக்கறேன். ஸ்கூல்ல எம் பொண்ணைக் கிண்டல் பண்றாங்க, உங்கப்பா நெஜமாவே மிலிட்டரியா, அப்ப கல்லுல ஏன் பேரு இல்லன்னு. தெனம் அழுதுகினு வர்றா. உங்ககிட்டதான் மூணு குண்டு கீதே ஆன்ட்டி. அதுல ஒண்ணு எங்க ஆளுக்குக் குடுங்க."

எலிசபெத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "த்தூ! எம் புள்ளையைக் கொண்டுபோயி பள்ளத்துல தள்ளினவனுக்குக் குண்டு வேற கேக்குதா? போடி அந்தப் பக்கம்!"

"குடுக்கலன்னா இந்தப் பேப்பர் இன்னிக்கே டிரேவர் சார் கைக்குப் போவும்." சங்கமித்ரா குரலை உயர்த்தவே இல்லை. கடிதத்தை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

போகிறவளின் முதுகைப் பார்த்தபடி எலிசபெத் நின்றாள். கடிதத்தில் இல்லாத ஒன்று அவளுக்குத் தெரியும். சவப்பெட்டியோடு வந்த தமிழ்க்கார சுபேதார், அடக்கம் முடிந்த மத்தியானம் அவளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிவிட்டுப் போனது அது. லாரி வழுக்கத் தொடங்கியதும் அர்ஜுனன் பிரேக்கை மிதித்துக்கொண்டே பின்னால் இருந்தவர்களைக் குதிக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறான். ஐந்து பேர் குதித்துப் பிழைத்தார்கள். அவன் பக்கத்துக் கதவு பள்ளத்தின் பக்கம் இல்லை, மலைப் பக்கம்தான்; அவனும் குதித்திருக்கலாம். ஆனால் பக்கத்து சீட்டில் சாமுவேல் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பிக்கொண்டிருந்தபோது லாரி போய்விட்டது. கடைசியாகக் குதித்தவன் இதைக் காதால் கேட்டிருக்கிறான்.

சங்கமித்ராவின் வீட்டுக்குச் சவப்பெட்டியோடு வேறு ஆள் போனார். அவருக்கு இதெல்லாம் தெரியாது. எலிசபெத் சொல்லியிருக்கலாம். நான்கு வருஷமாகச் சொல்லவில்லை. தன் பிள்ளை அசந்து தூங்கியதால் இன்னொருத்தி தாலி அறுந்தது என்று எந்த வாயால் சொல்வது? கையெடுத்துக் கும்பிட வேண்டியவளைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொடி ஏறியது. சிறப்பு விருந்தினர் கழுத்து கொள்ளாத மாலையோடு பேசி முடித்தார். டிரேவர் மைக்கில், "நம்ம வீரத்தாய்" என்று அழைத்தார். எலிசபெத் எழுந்து போய் வழக்கம்போல ஆரம்பித்தாள். முதல் குண்டு தோளில் பட்டது. இரண்டாவது குண்டுக்கு வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. போன வருஷம் அது வயிற்றிலா, விலாவிலா? ஞாபகம் வரவில்லை. மூன்றாவது வரிசையில் சங்கமித்ரா மடித்த கடிதத்தோடு இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கத்திலேயே போன பிள்ளையை வருஷா வருஷம் நானேதான் நிற்க வைத்துச் சுடுகிறேன் என்று எலிசபெத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு டிரேவர் உதவிக்கு வந்தார். "டேக் யுவர் டைம்மா. அப்புறம் அந்த அர்ஜுனன் மேட்டர். அவனும் அங்க இருந்தானா? எல்லார் முன்னாலயும் சொல்லிடுங்க, முடிச்சிடலாம்."

'இருந்தான்' என்று ஒரு சொல் போதும். சங்கமித்ரா கேட்டதும் அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லோடு நான்கு வருஷத்து ஆத்திரமும் சேர்ந்து புறப்பட்டது.

"இருந்தான்! ஏன் இருந்தான்னு கேளுங்க! அவன் பக்கத்துக் கதவு மலைப் பக்கம்தானே இருந்துச்சு? தொறந்துகினு குதிக்கறதுக்கு இன்னா கேடு? பின்னால இருந்த அஞ்சு பேரும் குதிச்சாங்க இல்ல? இவன் கத்தினதாலதான் அவங்களே குதிச்சாங்க! எம் புள்ள ரெண்டு நாளா ரோட்டுல பனி வாரிட்டு, பக்கத்துல பொணமாட்டம் தூங்கிட்டான். இந்தப் பைத்தியக்காரன் தன் உசிரைப் பாக்காம, 'சாமு எழுந்திருடா, சாமு எழுந்திருடா'ன்னு அவனை உலுக்கிகினு உக்காந்திருந்தானாம். யாருடா உன்னை எழுப்பச் சொன்னது? வுட்டுட்டுப் போறதுதானே? உம் பொண்டாட்டி மூஞ்சில நான் எப்பிட்றா முழிப்பேன்?"

மைக் கிரீச்சிட்டது. டிரேவர் வாய் திறந்தபடி நின்றார். "அப்ப சண்டை... பயரிங்?"

"சண்டையும் இல்ல, குண்டும் இல்ல. லாரி கவுந்துடுச்சு."

கூட்டத்தில் முதலில் ஒரு முணுமுணுப்பு. அப்புறம் யாரோ, "நாலு வருஷமா நம்மளை அழ வெச்சி ஏமாத்திகினு இருந்திருக்காங்க" என்று உரக்கவே சொன்னார்கள். விருந்தினர் தன் மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தார். டிரேவர் கல்லைப் பார்த்தார், சாமுவேலின் பெயரைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து மைக்கை அணைத்தார்.

சங்கமித்ரா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அறைவாள் என்று எலிசபெத் எதிர்பார்த்தாள். அறைந்தால் தேவலை என்றும் இருந்தது. சங்கமித்ரா அறையவில்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"எங்க ஆளு கடைசியா பேசினது."

எலிசபெத் மைக்கை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"நாலு வருஷம் ஆன்ட்டி. எங்க ஆளு கடைசியா பேசினதை நீங்க உங்க வூட்ல வெச்சிகினு இருந்தீங்க. செத்தாலும் மன்னிக்க மாட்டேன் உங்களை."

"வாணாம்மா. மன்னிக்க வாணாம்."

"மறுபடி சொல்லுங்க."

"இன்னாது?"

"மொதல்லேர்ந்து சொல்லுங்க. இவ கேக்கணும்." மகளை அவள் எதிரில் கொண்டுவந்து நிறுத்தினாள். பிறகு டிரேவர் பக்கம் திரும்பினாள். "மைக்கைப் போடுங்க சார்."

டிரேவர் தயங்கினார். பாதிக் கூட்டம் எழுந்து வாசலுக்குப் போய்விட்டிருந்தது. "போடுங்க சார்" என்று அவள் அதட்டியதும் போட்டார்.

எலிசபெத் அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தாள். அர்ஜுனனின் மூக்கு அப்படியே இருந்தது. "உங்கப்பாதாம்மா வண்டி ஓட்டினாரு" என்று ஆரம்பித்தாள்.