எடுக்காத பங்கு

கப்பல் பவளப்பாருக்கு அப்பால் திரும்பி முதுகைக் காட்டிய பிறகுதான் பசிலியோ வாந்தி எடுத்தான். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கி வைத்திருக்கிறான். கரையில் நின்று கையசைத்த கூட்டம் கலைந்து போய்க்கொண்டிருந்தது. அவன் படகுக் கொட்டகையின் பின்னால் போய்க் குனிந்தான். அவன் பெண்டாட்டி அலியேட்டா ஓடிப்போய் அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். நான் பக்கத்தில் போனபோது மணலில் கிடந்தது பச்சையாக இருந்தது. "ஒண்ணுமில்ல சினிவா, ராத்திரி தின்ன சீமைப்பலா ஒத்துக்கல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்று, வலது இடுப்புக்கு மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். இந்தத் தீவின் ஆஸ்பத்திரியில் நர்ஸாக எனக்குத் தலை நரைத்துவிட்டது. அந்தக் கை போன இடத்தைப் பார்த்ததும் திரும்பிக் கப்பலைத் தேடினேன்.

பசிபிக் கடல் நடுவே எங்கள் டோகெலாவ் மூன்று தீவுகள். மூன்றுக்கும் சேர்த்துத் தலைநகரம் என்று ஒன்று கிடையாது. தலைமை வருஷத்துக்கு ஒரு தீவாகச் சுற்றி வரும். அந்த வருஷம் பக்கத்துத் தீவின் முறை. பெரிய சபை அங்கேதான் கூடியது. வெளிநாட்டுக் கப்பல்கள் எங்கள் கடலில் சூரை மீன் பிடிப்பதற்கான உரிமத்தைப் பற்றி அந்த முறை பேச்சு. எங்களிடம் விற்க வேறென்ன இருக்கிறது? கொப்பரையை இப்போது யாரும் சீந்துவதில்லை. நியூசிலாந்து அனுப்புவது போக, வாத்தியார் சம்பளம், என் சம்பளம், ஜெனரேட்டருக்கு எண்ணெய் எல்லாமே அந்தச் சூரையிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே எங்கள் தீவுத் தலைவர் ஃபலனிகோ போனார், மூப்பர்கள் போனார்கள், சுகாதாரக் கணக்கு சொல்ல டாக்டரும் போனார். சபை கூடினால் விருந்தும் ஆட்டமும் இல்லாமல் முடியாது. ஆட்டக்காரப் பெண்கள் ஒரு கூட்டம், பாய்கள், கால் கட்டிய பன்றிகள் என்று கப்பலின் மேல்தளம் நிறைந்து வழிந்தது.

ஃபலனிகோ அலியேட்டாவின் கூடப்பிறந்த அண்ணன். எங்கள் வழக்கத்தில் வயதுக்கு வந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் நின்று பேசமாட்டார்கள். ஒரே பாயில் உட்காரமாட்டார்கள். ஆனால் தங்கை கேட்டதை அண்ணன் மறுக்கக்கூடாது. அன்று காலை அலியேட்டா என்னைத்தான் தூது அனுப்பினாள். பசிலியோவுக்கு முந்தின நாளிலிருந்து வயிற்றுவலி. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, வாயுவாக இருக்கும், இருந்தாலும் கண்ணில் படுகிற மாதிரி இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். கப்பலிலேயே கூட்டிப்போனால் டாக்டரோடு இருக்கலாம், மோசமானால் அப்படியே சமோவாவில் அப்பியா பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்விடலாம்.

"தாராளமா வரட்டும்" என்றார் ஃபலனிகோ. "என் எடத்துல படுத்துக்கட்டும். நான் தளத்துல கெடந்துக்கறேன்."

பசிலியோ சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவன், ஈரக்கையைத் துடைத்தபடி வந்தான். "மச்சான், ஆட்டக்காரிங்க நடுவுல வாளியக் கட்டிப்புடிச்சிக்கிட்டு நான் உக்காந்திருக்கணுமா? பயலுக சாகற வரைக்கும் சொல்லிச் சிரிப்பானுங்க. வயித்துவலிக்கெல்லாம் கப்பல் ஏற நான் என்ன பிள்ளத்தாச்சியா?"

"ஒன் பொண்டாட்டி கேக்கறாளேடா."

"அவகிட்ட எடம் இல்லன்னு சொல்லிடு. நான் வரமாட்டேன்னா குண்டுக்கட்டாத் தூக்கிப் போட்டுருவா. நீ சொன்னாத்தான் அடங்குவா."

ஃபலனிகோ சிரித்தார். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்து பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்கள். அது முழுக்கச் சிரிப்பல்ல; ஒரு சுமை குறைந்தது என்ற நிம்மதியும் அந்த முகத்தில் இருந்ததை நான் பார்த்தேன். கப்பலுக்குப் போகும் படகில் கால் வைத்துவிட்டு, தன் தங்கை நின்ற பக்கம் பார்க்காமல், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "எடம் இல்ல, அடுத்த தடவ பாக்கலாம்" என்று சொன்னார். முன்னே அவர்கள் பேசியதைக் கேட்டிருந்த பெத்தேலோ கிழவர் மட்டும் வாய்க்குள் சிரித்துக்கொண்டார். அலியேட்டா தலையைக் குனிந்துகொண்டாள். மறுக்கக்கூடாத அண்ணனே ஊர் கேட்கச் சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

மறுநாள் காலை பசிலியோவின் வயிறு பலகையாகிவிட்டது. போனில் டாக்டரைப் பிடித்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் குரல் தாழ்ந்துகொண்டே போயிற்று. குடல்வால் வெடித்திருக்கும் என்றார். இருக்கிற மருந்தையெல்லாம் ஊசியில் ஏற்றச் சொன்னார். கப்பல் அவர்களை இறக்கிவிட்டு மூன்றாவது தீவின் ஆட்களை அழைத்துவரப் போய்விட்டிருந்தது. ஃபலனிகோ போனைப் பிடுங்கி, "திருப்பச் சொல்லிட்டேன். அவன விட்றாத சினிவா" என்றார். பின்னால் சபையின் கைதட்டல் கேட்டது. இங்கே விமானம் இறங்க இடமில்லை. எந்த ஊர் ஹெலிகாப்டருக்கும் இவ்வளவு தூரம் பறந்து திரும்ப எண்ணெய் பத்தாது. கப்பல்தான். கப்பல் வரும்வரை நானும் அலியேட்டாவும் மாறிமாறி ஈரத்துணி போட்டோம். அவன் நினைவு தப்பித் தப்பி வந்தது. ஒருமுறை தெளிவாகக் கண் திறந்து, "மச்சான் வந்துட்டானா? அவங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். என்னவென்று அலியேட்டா கேட்டாள். அதற்குள் மறுபடி மூழ்கிவிட்டான்.

கப்பல் வந்தது. அதுதான் இன்னும் தாங்கமுடியவில்லை. டாக்டரையும் ஃபலனிகோவையும் ஏற்றிக்கொண்டு, மத்தியான வெயிலில் பாருக்கு வெளியே வந்து நின்றது. ஆனால் காற்று மேற்கே திரும்பி, பாரின் நடுவே படகு போகிற வாய்க்காலில் அலை வீட்டுக்கூரை உயரத்துக்கு எழுந்து உடைந்துகொண்டிருந்தது. மீன்பிடிக்கும் ஆண்கள் எல்லாரும் கரையில் கூடினார்கள். பசிலியோவைப் பலகையில் கட்டி அலுமினியப் படகில் வைத்தோம். முதல் தடவை போனபோதே படகு பக்கவாட்டில் சாய்ந்து, நான்கு ஆட்கள் தண்ணீரில் குதித்துத்தான் அதைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அங்கே கப்பல் தளத்தில் ஃபலனிகோவின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. கையை வாயருகே குவித்து ஏதோ கத்திக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அந்தச் சட்டை தளத்தில் இல்லை. குதித்துவிட்டார். அந்த வயதில் அந்த அலையில் நீந்தி, பாரில் நெஞ்சும் தொடையும் கிழிபட்டு அவர் கரை ஏறியபோது, நாங்கள் பசிலியோவின் கண்ணை மூடிவிட்டிருந்தோம்.

அலியேட்டா அழவில்லை. அண்ணனின் உடம்பில் ரத்தம் வழிவதைப் பார்த்தாள். பிறகு புருஷனின் முகத்தைத் துணியால் மூடினாள்.

அடக்கம் முடிந்து, துக்கத்துக்காகக் கடலுக்குப் போகாமல் இருந்த நாட்களும் முடிந்து, ஆண்கள் திரும்பவும் சூரைக்குப் போனார்கள். நல்ல பாடு. படகுகள் நிறைந்து வந்தன. பங்குத் திடலில் மீனைக் குவித்து, வீட்டுக்கு வீடு, தலைக்குத் தலை பிரித்து வைத்தார்கள். இந்தப் பங்கீட்டைத்தான் இனாட்டி என்போம்; அது எங்களுக்கு மீன் மட்டுமில்லை. கிழவி, கைக்குழந்தை, கடலுக்கே போகாத வாத்தியார், நேற்று வந்த மருமகள், எல்லாருக்கும் ஒரே அளவு. அதில் பெயர் இருந்தால் நீ இந்த ஊர். பெத்தேலோ கிழவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். "அலியேட்டா!" யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். மீனின் கண்ணில் ஈ உட்கார ஆரம்பித்தது. கடைசியில் நான் அதை ஓலையில் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் தாழைமடலைக் கிழித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எடுத்துட்டுப் போ, சினிவா."

"அக்கா, இது பங்கு. வேணாம்னு சொல்லக்கூடாது."

"யாரு குடுக்கற பங்கு? எடம் இல்லன்னு சொன்னவங்க குடுக்கறதா? எனக்கு எறங்காது."

பசி வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். இரண்டாவது இனாட்டியிலும் அவள் வரவில்லை, அடுத்ததிலும் இல்லை. பங்கை மறுத்தவர் என்று இந்தத் தீவில் ஒருவரும் இருந்ததில்லை. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நியூசிலாந்தில் வெல்லிங்டன் பக்கத்திலிருந்து அவள் மகள் போனில், "அங்க என்னம்மா இருக்கு, கெளம்பி வா" என்று அழுதாள். "ஒங்கப்பாவ இங்க போட்டுட்டு நான் வரதா?" என்று இவள் வைத்துவிட்டாள். மூப்பர் சபை அவளை அழைத்தது.

சபை வீட்டுக்குச் சுவர் கிடையாது. ஊரே சுற்றி உட்கார்ந்திருந்தது. ஃபலனிகோ நடுத்தூணில் சாய்ந்திருந்தார், மார்பில் காயம் இன்னும் ஆறவில்லை. தங்கை உள்ளே வரும்போது வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூப்பர் ஒருவர் பதமாகத்தான் ஆரம்பித்தார். "அம்மா, ஒன் துக்கம் எங்க துக்கம். ஆனா ஊரு பங்க தள்ளிவிட்டா ஊரையே தள்ளிவிட்ட மாதிரி. ஒனக்கு என்ன கொற, சொல்லு."

அலியேட்டா அண்ணனுக்கு நேராகத் திரும்பினாள். அப்படி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அண்ணே, அந்தக் கப்பல்ல பன்னிக்கு எடம் இருந்துச்சு. பாய்க்கு எடம் இருந்துச்சு. ஆடறவளுங்களுக்கு எடம் இருந்துச்சு. என் புருஷன் ஒருத்தனுக்கு இல்லாமப் போச்சு. இதத் தவிர எனக்கு ஒரு கொறையும் இல்ல."

பெத்தேலோ கிழவர் தாங்கமாட்டாமல் எழுந்தார். "அட, விஷயம் தெரியாமப் பேசாத பொண்ணே. அன்னிக்கு பசிலியோதான்…"

"ஒக்காருங்க பெரியப்பா." ஃபலனிகோ குரலை உயர்த்தவில்லை. கிழவர் நின்றபடியே அவரைப் பார்த்தார். "ஒக்காருங்க. எடம் இல்லன்னு சொன்னது நாந்தான். ஊரே கேட்டுச்சு." பிறகு கண்ணைத் திருப்பி, கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

தீர்ப்பையும் அவரே சொல்லவேண்டியிருந்தது. அவளாக வந்து பங்கைக் கேட்கும்வரை திடலில் அவள் பெயர் கூப்பிடப்படாது. அதைச் சொல்லும்போது அவர் பார்வை தரையில் இருந்தது. ஆனால் ஒரு சொல்லும் தடுமாறவில்லை. அலியேட்டா எழுந்து, இடுப்புத் துணியைச் சரிசெய்துகொண்டு, எந்தப் பக்கமும் பார்க்காமல் நடந்து போனாள்.

மறுநாள் காயத்துக்கு மருந்து போட அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பஞ்சை அழுத்தியபடி கேட்டேன். "ஏன் அண்ணே இப்படி? உண்மைய சொன்னா அவ உங்கள மன்னிச்சிருவா."

"என்னைய மன்னிப்பா. அப்புறம் யாருமேல கோவப்படுவா? செத்தவன்மேலயா?" பஞ்சின் எரிச்சலில் மூச்சை இழுத்துக்கொண்டார். "அவன் நல்லவனாவே அவளுக்கு இருக்கட்டும். அதோட சினிவா, அவன் விளையாட்டுக்குச் சொன்னான். நான் ஏன் சரின்னேன்? எனக்கு அன்னிக்கு நேரத்துக்குக் கெளம்பணும். அதான் நெஜம்."

"அவ பட்டினி கெடக்கறா."

"தெரியும்."

அடுத்த இனாட்டியில் அலியேட்டாவின் வீட்டுக்கு முந்தின பெயரைக் கூப்பிட்டுவிட்டு பெத்தேலோ ஒரு மூச்சு நின்றார். பிறகு அதற்கடுத்த பெயருக்குப் போனார். நான் என் பங்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சமைத்தேன். தேங்காய்ப்பால் திரிந்துபோகும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஃபலனிகோ இப்போது ஊர்ப் படகில் போவதில்லை. விடிந்ததும் சொந்தத் தோணியில் தனியாகப் போய், கிடைத்ததை ஓலையில் கோத்துத் தங்கையின் வாசலில் தொங்கவிட்டு வந்தார். இது ஊர் மீனில்லை, அண்ணன் மீன். அவள் அதையும் தொடவில்லை. வாசலில் எறும்புக் கோடு உண்டானது. அவள் கூலி வாங்காமல் பாய் பின்னி யாருக்கோ கொடுத்தாள். அவர்கள் தேங்காய் கொடுத்தால் வாங்கிக்கொண்டாள். கடல் உள்வாங்கி வற்றம் வரும்போது கம்பியை எடுத்துக்கொண்டு பாருக்குப் போய் பேய்க்கணவாயும் சிப்பியும் தேடினாள். தோள் எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. என்னைக் கண்டால் பேசினாள், மழையைப் பற்றி, என் மகனைப் பற்றி. பசிலியோவைப் பற்றி ஒருமுறைதான். "அண்ணங்கிட்ட ஏதோ சொல்லணும்னானே. என்னவா இருக்கும் சினிவா?" நான் தெரியாது என்றேன்.

போன வாரம் ஆஸ்பத்திரித் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தபோது பாரைப் பார்த்தேன். வற்றம் முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. மற்றப் பெண்கள் கூடையோடு கரைக்குத் திரும்பிவிட்டார்கள். அலியேட்டா மட்டும் விளிம்பில், கடலைப் பார்த்து, கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். தண்ணீர் அவள் முழங்காலைத் தொட்டது. ஃபலனிகோவின் தோணி அவளுக்குப் பின்னால் ஒரு கல்லெறி தூரத்தில் வந்து நின்றது. கிட்டே போக வழக்கம் விடவில்லை. விட்டுப் போகவும் முடியவில்லை. தோணி இழுபடாமல் இருக்க, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று துடுப்பைப் போட்டுக்கொண்டே இருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு அலை பாரைத் தாண்டி அவள் இடுப்பைச் சுற்றி வெள்ளையாக ஓடி, தோணியைக் கொஞ்சம் தூக்கி, அதே இடத்தில் இறக்கிவிட்டு, பாருக்கு உட்புறக் கடலுக்குள் போயிற்று.