பிராந்துச் செட்டை

"இது தேவதையின்ரை செட்டையோ, இல்லாட்டிப் பிராந்தின்ரை செட்டையோ தம்பி?"

மாடியறையில் வாடகைக்கு இருக்கும் சவிரிமுத்து அண்ணை படிக்கட்டின் நடுவிலேயே நின்று கேட்டார். இறங்கி வர வழியில்லை. லண்டன் ஈஸ்ட் ஹாம் வீடுகளின் ஒடுங்கின முன்விறாந்தை தெரியுந்தானே, அதில் குறுக்கே கிடந்தது பாலேந்திரா பருந்துப் பட்டம் மாதிரிக் கட்டிக்கொண்டிருந்த சிறகு.

"பிராந்துதான் அண்ணை. வண்ணத்துப்பூச்சி கட்ட எனக்குத் தெரியாது."

"பள்ளிக்கூடத்துக்கோ, கடற்கரைக்கோ? பட்டத்துக்கு மாதிரி விண்ணும் பூட்டிவிடு, காத்திலை ஊதிக்கொண்டு போகட்டும் பிள்ளை."

"விண் பூட்டலாம். டீச்சர்மாரின்ரை பாட்டுக் கேளாது எண்டு பாக்கிறன்."

சமையலறையில் நின்ற சிவகௌரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு ஒரு பயமும் வந்தது. அவள் ஏற்கெனவே இரண்டு உடுப்புக் கொழுவிக் கம்பியையும் ஒரு பழைய நைலோன் காலுறையையும் எடுத்து வைத்திருந்தாள். ஏழு வயது மகள் துஷ்யந்தி பள்ளிக்கூடத்தால் கொண்டுவந்த கடிதத்தில், கம்பியில் காலுறையை இழுத்துப் பூட்டிச் சிறகு செய்கிற மாதிரித்தான் படம் கீறியிருந்தது. நாடகத்தில் ஐந்து பிள்ளைகள் தேவதைகள். வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உடுத்திக்கொண்டு வரவேண்டும். சிறகு கடையில் வாங்கக்கூடாது, வீட்டில் செய்யவேண்டும்.

கடிதம் வந்த அன்று பாலேந்திரா படத்தைப் பார்த்துவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்தான்.

"காற்சட்டை கொழுவுற கம்பியிலை என்ரை பிள்ளைக்குச் செட்டையோ?"

"எல்லாரும் அப்பிடித்தானேயப்பா செய்யினம்."

"செய்யட்டும்."

அந்த ஒரு சொல்லை அவன் சொன்ன விதத்தில் அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டாள். இந்த நாட்டுக்கு வந்து நாலு வருஷம். பெற்றோல் ஸ்ரேசனில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசு வாங்குகிறவன், வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பான். கேட்டதற்கு ஓம், இல்லை. அவ்வளவுதான் கதை. இப்போது என்னடாவென்றால், தோட்டக்கடையில் மூங்கில் தடி வாங்கிக் கீலம் கீலமாகக் கிழிக்கிறான். உடைந்த போத்தல் ஓட்டால் சீவுகிறான். ஒரு விரலில் வைத்துச் சமநிலை பார்க்கிறான். சீட்டி அடிக்கிறான். சீட்டி! கலியாணம் கட்டி ஒன்பது வருஷத்தில் அவனுக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. பட்டம் கட்டுகிறவன் என்று கேள்விப்பட்டிருக்கிறாள், கண்டதில்லை. பெற்றோல் ஸ்ரேசன் முழுக்கச் சொல்லிவைத்து, வெள்ளிக்கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் லீவும் கேட்டு வாங்கிவிட்டான்.

வியாழக்கிழமை பின்னேரம் அவளைக் கூப்பிட்டு, சிறகைப் பிள்ளையில் நூலால் கட்டுகிற முடிச்சைக் காட்டினான்.

"இஞ்சேர் கௌரி, வடிவாப் பார். நெஞ்சிலை ஒண்டு. ரெண்டு கமக்கட்டுக்குக் கீழையும் ஒவ்வொண்டு. இழுக்க இழுக்க இறுகும். காத்துக்கு அவிழவே அவிழாது."

"அவிழாட்டி எப்பிடிக் கழட்டுறது?"

"கழட்டுறதைப் பிறகு பாப்பம்."

வெள்ளிக்கிழமை அவன் வேலையிலிருந்து நேரே பள்ளிக்கூடம் வருவதாக ஏற்பாடு. சிவகௌரி பிள்ளைக்குச் சோறு தீத்தி, வெள்ளைச் சட்டை போட்டு, அவன் காட்டின மாதிரியே மூன்று முடிச்சும் போட்டாள். வாசலால் பக்கவாட்டில்தான் கொண்டுபோக முடிந்தது. தெருவில் இறங்கியதும் பிள்ளை ஒருமுறை சுற்றிக் காட்டினாள். சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டம் ஒட்டுகிற மெல்லிய ரிசுத்தாள், பிள்ளையின் உயரத்தைவிட அகலம். வடிவுதான். அது வடிவில்லை என்று ஆரும் சொல்ல ஏலாது.

பெரிய தெருவுக்குத் திரும்புகிற மூலையில் காற்றுப் பிடித்தது.

மார்ச் மாதக் காற்று. பிள்ளையின் குதிக்கால் இரண்டும் நிலத்தைவிட்டுக் கிளம்பின. "அம்மா, நான் போறன்!" என்று துஷ்யந்தி கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள். சிவகௌரி கையை எட்டிப் பிடித்தாள். அடுத்த வீச்சு, பிள்ளையைச் சுழற்றி முழங்காலில் விழுத்தியது.

"கழட்டுங்கோ அம்மா."

அவிழ்க்கப் பார்த்தாள். காற்று இழுத்த இழுப்பில் முடிச்சுகள் கல்லாகியிருந்தன. நகம் போகவில்லை. நடுத்தெருவில் குனிந்து பல்லால் கடித்துப் பார்த்தாள். பறக்கிறதற்கென்று கட்டினதைத் தடுக்க அவளுக்குத் தெரியவில்லை. கடந்துபோன ஒரு வெள்ளைக்கார மனுசி நின்று, எவ்வளவு அழகு என்று கன்னத்தில் கைவைத்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

"மூச்சு முட்டுது அம்மா."

"கொஞ்சத் தூரந்தான் குஞ்சு. அப்பா பாத்துக்கொண்டிருப்பார்."

"மூங்கிலை முறிச்சுவிடுங்கோவன்."

முறிக்கலாந்தான். ஒரு கையால் மடக்கினால் போதும். சிவகௌரி அந்தச் சீவின மூங்கிலில் கையை வைத்தாள். சீட்டிச் சத்தந்தான் ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டாள். தன் குளிர்கோட்டின் பொத்தானைக் கழற்றி, இரண்டு பக்கத்தையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, காற்று வருகிற பக்கமாகப் பிள்ளையை மறைத்து நடந்தாள். காற்று திரும்ப அவளும் திரும்பினாள். பத்து நிமிட நடைக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. ஆனால் சிறகில் ஒரு கீறல் இல்லை.

வகுப்பு வாசலில் டீச்சர் கையைத் தட்டினார். எவ்வளவு அற்புதம், எவ்வளவு வேலை என்றார். பிறகு மற்ற நாலு பேரையும் பார்த்தார். அவர்களின் முதுகில் கையகலக் காலுறைச் சிறகுகள். மேடை சின்னது. மூங்கில் நுனி மற்றப் பிள்ளைகளின் கண்ணில் பட்டுவிட்டால்? டீச்சர் குனிந்து, மெதுவாக, அன்பாகத்தான் கேட்டார்: இதைக் கழற்றி, எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளிச்சுவரில் சாத்தி வைக்கட்டுமா? உங்களுக்குச் சம்மதமா?

சிவகௌரிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. அவர் செய்தவர். நாலு வருஷத்துக்குப் பிறகு செய்தவர். பிள்ளை ஒரு ஓரமாக நிற்கட்டும், கடைசியாக நிற்கட்டும். எல்லாம் தமிழில்தான் வந்தது.

"சொல்லுங்கோ அம்மா," என்றாள் துஷ்யந்தி, மெல்ல.

"யெஸ்," என்றாள் சிவகௌரி. "யெஸ், யெஸ்."

முடிச்சு டீச்சருக்கும் அவிழவில்லை. கத்தரிக்கோலால் முதுகுப்பக்கத்து நூலை வெட்டினார். பிள்ளை அழவில்லை. டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள், தாயைத் திரும்பிப் பார்க்காமல்.

சிவகௌரி மண்டபத்தில் போய் இருந்தபோது, சிறகு சாத்தியிராத மற்ற வாசலால் பாலேந்திரா வந்தான். பெற்றோல் ஸ்ரேசன் சட்டையோடு. பின்னால் சவிரிமுத்து அண்ணை, கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டி. பாலேந்திராவின் கழுத்தில் அண்ணையின் கமரா. அவளுக்குப் பக்கத்துச் சின்னக் கதிரையில் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்தான்.

"காத்துக்கு நிண்டதோ?"

"நிண்டது."

"கிழிஞ்சதோ?"

"இல்லை."

"நான் சொன்னனான் எல்லே அண்ணை!"

"ஓமோம், விண்தான் குறை," என்றார் சவிரிமுத்து அண்ணை.

"இஞ்சருங்கோ..." என்று அவள் தொடங்கினாள்.

"பொறு, பொறு. தொடங்குது." அவன் கமராவைக் கண்ணில் வைத்தான்.

பியானோ தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு தேவதைகள். ஐந்தாவதாகத் துஷ்யந்தி வந்து கரையில் நின்றாள். முழங்காலில் சிராய்ப்பு. சிவகௌரி அவன் கையைப் பிடிக்கப் பார்த்தாள். இரண்டு கையும் கமராவில் இருந்தன.

பாட்டின் நடுவில் பிள்ளைகள் எல்லாரும் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். சிறகு காட்டுகிற இடம். தோளைக் குலுக்க நாலு சோடிச் சிறகும் மினுங்கி மினுங்கி ஆடின, ஆக்கள் கைதட்டினார்கள். துஷ்யந்தியும் திரும்பித்தான் நின்றாள். பழகின மாதிரியே, ஒரு அடியும் பிழைக்காமல், அவளும் தோளைக் குலுக்கினாள். வெள்ளைச் சட்டைக்குள்ளே இரண்டு சின்னத் தோள்பட்டை எலும்புகள் மேலும் கீழுமாகப் போய்வந்தன.

பாலேந்திரா கமராவை அமத்தவுமில்லை, கண்ணிலிருந்து எடுக்கவுமில்லை.