செங்கமலத்தின் கைநாட்டு

படிக்கத் தெரிந்த கண்ணால் எழுத்தைப் படிக்காமல் பார்க்க முடியாது என்பது செங்கமலத்துக்கு அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் தெரிந்தது. அதுவரை அவள் அப்படி முயன்றதே இல்லை. டவுன்ஷிப்பில் தெருப் பெருக்கும்போது கிழிந்த நோட்டீஸ் கிடந்தால்கூட ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள்.

பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவள் இல்லை. இருபத்தாறு வயதில் குவார்ட்டர்ஸில் ஒரு நர்ஸம்மா வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். நர்ஸம்மா மத்தியானம் சாப்பிட்டதும் பைபிளை விரித்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டி, ராகம் போட்டு வாசிப்பார். அந்த விரலைப் பார்த்துப் பார்த்து, இரண்டு வருஷத்தில் இவளும் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். மாற்றலாகிப் போகும்போது நர்ஸம்மா புத்தகத்தை இவளிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரே புத்தகத்தில் தமிழ் கற்றவளுக்கு அந்தத் தமிழே நாக்கில் ஒட்டிக்கொண்டது. அவள் ஊரான வடக்குத்தில் தெருச்சண்டை என்றால் மற்றவர்கள் வாயில் வருவது எல்லோருக்கும் தெரியும். செங்கமலமோ கையை நீட்டி, "உங்களுக்கு ஐயோ" என்பாள். எதிராளி சிரித்துவிடுவாள், சண்டை அதோடு சரி. புருஷன் குஞ்சிதபாதம் இருந்தவரை அவளை 'பாதிரியாரே' என்றுதான் கூப்பிட்டான். கேலிதான், ஆனால் உள்ளூரப் பெருமையும் இருந்தது.

வெள்ளி சாயங்காலம் தகரக் கொட்டகையில் ஜெபம் நடக்கும். வாசிப்பது இவள்தான். ஞானஸ்நானம் வாங்கவில்லை. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றுவாள். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு ஒரு தகராறும் இல்லை. தகராறெல்லாம் சர்க்காருக்குத்தான்.

மகள் பொற்கொடி மூன்றாவது தடவையாக எழுதிய சர்க்கார் பரீட்சையில் தேறியிருந்தாள். சாதிச் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டால் பர்மனென்ட் வேலை. அந்த நேரம் பார்த்துத் தாலுக்கா ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. 'இவர்கள் கிறிஸ்தவர்கள். தாய் செங்கமலம் வாராவாரம் பைபிள் வாசிக்கிறாள். கேட்டுப் பார்க்கவும்.' எழுதியது யார் என்று தெருவுக்கே தெரியும், ஒருவரும் சொல்லமாட்டார்கள். சர்க்கார் கணக்கில் சாமி மாறினால் எஸ்.சி. சான்றிதழும் மாறிவிடும். குடியிருக்கிற தெரு மாறாது, டீக்கடையில் பார்க்கிற பார்வையும் மாறாது. இந்தக் கணக்கைப் போட்டவர் யாரோ, நிச்சயம் அந்தத் தெருவில் குடியிருந்தவர் இல்லை.

விசாரணைக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் செங்கமலம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். தையல் மிஷினில் இருந்த சித்தீகா எழுந்து கை கழுவிவிட்டு வந்து, வெளுத்த துப்பட்டாவில் அதைச் சுற்றி, தன் குர்ஆன் இருந்த பலகைமேல் வைத்தாள்.

"இம்மாம் ஒசரத்துல எதுக்கு சித்தீகா? பீரோவுல போட்டா போதாதா?"

"வேதத்தக் கீழ வைக்கக் கூடாதுக்கா. நீங்க போயி நெத்தில திருநூறு பூசிக்கினு ஒக்காருங்க."

பதினோரு மணிக்கு வருவாய் ஆய்வாளர் சிவப்பிரகாசம் வந்தார். அதட்டிப் பேசுகிறவர் இல்லை. செங்கமலத்துக்கு அதுதான் பயமாக இருந்தது. சுவரில் மாரியம்மன் படத்தைப் பார்த்தார், அதற்குப் போட்டிருந்த புதுப் பூவையும் பார்த்தார்.

"பொண்ணு கொஞ்சம் வெளிய இருக்கட்டும்மா. உங்ககிட்ட மட்டும் பேசணும்."

பொற்கொடி சித்தீகா வீட்டுக்குப் போனாள். அவர் கடுதாசியை எடுத்து முழுக்கப் படித்துக் காட்டினார்.

"நீங்க பைபிள் வாசிப்பீங்களா?"

நேற்று முழுக்க யோசித்து வைத்திருந்த பதில் அவளிடம் இருந்தது. வாசிப்பதில்லை என்றால் நம்பமாட்டார்கள். வாசிக்கவே தெரியாது என்றால் கடுதாசியே பொய்யாகிவிடும்.

"எனக்கு எழுத்தே தெரியாதுங்க. கைநாட்டுதாங்க."

சொல்லிவிட்டாள்.

அவர் தலையசைத்து, தொடைமேல் அட்டையை வைத்து ஒரு வாக்குமூலம் எழுதினார். எழுதி முடித்து நிறுத்தி நிதானமாகப் படித்தார். "செங்கமலம் ஆகிய நானும் என் மகள் பொற்கொடியும் இந்து மதத்தைச் சேர்ந்தவர்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டக் கேட்டுச் சரியென்று ஒப்புக்கொள்கிறேன்."

தாளை அவள் முன் வைத்தார். மைப்பெட்டியைத் திறந்தார்.

செங்கமலம் தாளைப் பார்க்காமல் இருக்கத்தான் நினைத்தாள். கண் கேட்கவில்லை. முதல் வரியில் இருந்தது: '…நானும் என் மகள் பொற்கொடியும் கிறிஸ்தவ மதத்தைச் சேர்ந்தவர்கள்.'

கை மைமேல் நின்றது. கை தவறி எழுதிவிட்டாரா? வேண்டுமென்றே குழி தோண்டுகிறாரா? விரலை வைத்தால் மகளின் மூன்று வருஷப் படிப்பை இவள் கையாலேயே அழித்தமாதிரி ஆகும். 'ஐயா, இது தப்புங்க' என்றால் அந்த நிமிஷமே கடுதாசி உண்மையாகிவிடும். எதற்கோ நிமிர்ந்தாள். அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, இவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அந்தக் கதை நினைவுக்கு வந்தது. கொட்டகையில் எத்தனையோ தடவை வாசித்த கதை. ஒரு குழந்தைக்கு இரண்டு பேர் தாய் என்று வந்து நிற்கிறார்கள். ராஜா வாளைக் கொண்டுவரச் சொல்கிறான். அந்த வாள் வெட்டுவதற்காக வந்ததில்லை, யார் முகம் மாறுகிறது என்று பார்ப்பதற்காக வந்தது. அங்கே வாய்விட்டு அலறியவளுக்குப் பிள்ளை கிடைத்தது. இங்கே அலறினால் பிள்ளை போய்விடும்.

அந்தப் புத்தகமே காப்பாற்றட்டும் என்று நினைத்துக்கொண்டு, "எந்த எடத்துலீங்க வைக்கணும்?" என்றாள். அவர் காட்டிய இடத்தில் கட்டைவிரலை அழுத்தினாள்.

சிவப்பிரகாசம் தாளை எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு நான்காகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஒரு வரி தப்பா எழுதிட்டேம்மா. வேற எழுதறேன்." இரண்டாவது தாளில் எல்லாம் சரியாக இருந்தது. அதற்கும் விரல் வைத்தாள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார், "கடுதாசி பொய்யின்னு எழுதிடறேன். வேல செய்யற எடத்துலயும் ஒரு நாள் நீங்க கையெழுத்து வைக்கிற வருகைப் பதிவு மஸ்டர பாத்துடுவேன். அதோட முடிஞ்சுது."

பொற்கொடி வந்து நீலமாக இருந்த விரலைப் பார்த்தாள். அம்மா மடியில் உட்கார்ந்து, அந்த விரல் ஓடிய வரிகளில்தான் அவளும் எழுத்துக் கற்றாள்.

"கைநாட்டாம்மா வச்ச? எனக்கு இந்த வேலையே வேணாம்மா."

"வேணாம்னா வச்சது வீணாப் பூடும். போயி சோறு போட்டுத் துன்னு."

அன்று சாயங்காலம் அவள் கொட்டகைக்குப் போகவில்லை. பாட்டுச் சத்தம் வீடுவரை கேட்டது. வாசிக்கிற நேரம் வந்தபோது சத்தம் நின்றது, அப்புறம் யாரோ திக்கித் திக்கி ஆரம்பித்தார்கள். செங்கமலம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை புது கான்ட்ராக்ட், புது மஸ்டர். காலை ஆறு மணிக்கு ஷெட்டில் பதினொரு பெண்களும் துடைப்பத்தோடு நின்றார்கள். அத்தனை பேரிலும் கையெழுத்துப் போடுகிறவள் செங்கமலம் ஒருத்திதான். சூப்பர்வைசர் குமரவேல் வழக்கம்போல் முதலில் அவளிடம் பேனாவை நீட்டினான்.

"மை டப்பாவ குடு தம்பி."

"ஏங்க்கா, கையில அடியா?"

"இனிமே இப்படித்தான். எனக்கு எழுத்து தெரியாது."

குமரவேல் ஒன்றும் புரியாமல் டப்பாவைத் தள்ளினான். அவள் விரலை வைத்துவிட்டு நகர்ந்தாள். அடுத்து வந்த கொளஞ்சி இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவளுக்கு வேறு ஜுரம். மூன்று மாதமாகச் சாப்பாட்டு வேளையில் மரத்தடியில் செங்கமலம் பைபிளை விரித்து, எழுத்து எழுத்தாகத் தொட்டுக் காட்டி, அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். புது மஸ்டரில் முதல் கையெழுத்துப் போடுவேன் என்று கொளஞ்சி சபதம் போட்டிருந்தாள்.

பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோட்டைத் தாண்டி எழுதினாள். எழுதி முடித்ததும் முகமெல்லாம் வேர்த்திருந்தது. மஸ்டரை இரண்டு கையாலும் தூக்கிச் செங்கமலத்தின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"யக்கா, சரியா எழுதியிருக்கனா பாரு."

கொளஞ்சி. நான்கு எழுத்தும் கொஞ்சம் சாய்ந்திருந்தன, ஆனால் ஒன்றும் தப்பில்லை. எல்லாரும் செங்கமலத்தைத்தான் பார்த்தார்கள்.

"என்னைய கேட்டா?" என்றாள் செங்கமலம். "எனக்கு என்னாடி தெரியும்."