மேடையில் சொன்ன பதில்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு இருதயநாதன் வலது முட்டியில் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி, வெளியே தெரியாதபடி பேன்ட்டை இழுத்துவிட்டார்.

"மேடையில வெச்சுக் கேளுங்க," என்றாள் மனைவி அற்புதம்மாள். "அத்தனை பேர் முன்னால இல்லேன்னு சொல்ல உங்க முதலாளிக்கு வாய் வராது."

கேட்க வேண்டியது ஒன்றுதான். அவர் வேலை பார்க்கும் அரியமங்கலம் பட்டறையின் வேன் ஆபீஸ்காரர்களை ஏற்றிக்கொண்டு தினமும் உறையூர் வழியாகத்தான் போகிறது. அதில் ஒரு சீட்டு. இருபத்தொன்பது வருஷமாக அவர் சைக்கிளில் போய் வருகிறார். இனியும் மிதித்தால் முட்டி தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று முறை முதலாளியின் அறை வாசல்வரை போய்த் திரும்பியிருந்தார்.

எரிபொருள் சிக்கன சைக்கிள் பேரணி ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தில் தொடங்கியது. ஏற்பாடு, முதலாளி அமிர்தராஜின் சங்கம். பேரணி முடியும் மைதானத்தில், இத்தனை வருஷம் சைக்கிளிலேயே வேலைக்கு வந்ததற்காக இருதயநாதனுக்குப் பொன்னாடை. முக்கால்வாசிப் பேர் சைக்கிளைக் காரின் பின்னால் மாட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் உறையூரிலிருந்து மிதித்தே வந்தார்.

காவிரிப் பாலத்தின் நடுவில் முட்டி விண்ணென்று தெறித்தது. இட்லிப் பொட்டலங்களையும் களைத்தவர்களையும் ஏற்றிக்கொண்டு பட்டறை வேன் பின்னால் வந்தது. டிரைவர் வீரமலை தலையை நீட்டினார்.

"ஏறுங்கண்ணே. ஏ.சி. ஓடுது. சிக்கனத்தை இவங்க பாத்துக்குவாங்க."

"பொன்னாடை வாங்கப் போறவன் வேன்ல போய் இறங்குறதா? நீ போப்பா."

மேடை தவறினால் கேட்க வேறு இடமில்லை. பல்லைக் கடித்து மிதித்தார்.

மேடையில் அமிர்தராஜ் பொன்னாடையைப் போர்த்தி, மைக்கை அவர் வாயருகே நீட்டினார்.

"இருபத்தொன்பது வருஷம்! ஒரு சொட்டு பெட்ரோல் கிடையாது. சொல்லுங்கண்ணே, அம்பத்தாறு வயசுல முட்டியெல்லாம் எப்படி இருக்கு?"

கீழே எல்லோரும் சிரித்தபடி காத்திருந்தார்கள். சம்பளம் தருகிறவர் நாலு பேர் முன்னால் சிரித்துக்கொண்டு கேட்கும்போது, வலிக்கிறது என்று சொல்லி இருதயநாதனுக்குப் பழக்கமில்லை.

"நல்லா இருக்கு சார். உங்க தயவுல."

கைதட்டல். மைக் அடுத்தவரிடம் போய்விட்டது.

கூட்டம் கலைந்தபோது அமிர்தராஜ் வேனின் முன்சீட்டில் ஏறிக்கொண்டிருந்தார். இருதயநாதன் ஓட்டமும் நடையுமாகப் போய்க் கேட்டேவிட்டார்.

"விளையாடுறீங்களாண்ணே? இப்பத்தானே ஊருக்கே சொன்னீங்க, நல்லா இருக்குன்னு. பேப்பர்ல வேற போடப் போறான். நாளைக்கு நீங்க வேன்ல வந்து இறங்கினா என்னை என்னன்னு நினைப்பாங்க?"

கதவு சாத்தப்பட்டது. வீரமலை நேராகச் சாலையைப் பார்த்தார். கண்ணாடி ஏறத் தொடங்கியது.

"அது மரியாதைக்குச் சொன்னது சார். நாளைக்கு எட்டு மணிக்கு நான் எப்படி வர்றது?"